நாலரை மணிக்குக் கை

தோர்ரெமாலாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் தம்பி உபால்தோவின் வலக்கையை மணிக்கட்டோடு வெட்டுவது என்று முடிவானது. ஐந்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் மலையிறங்கிவிடும். அதனால்தான் நாலரை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கெட்ட எண்ணத்தோடு எதுவும் நடப்பதில்லை. எல்லாம் தீர்மானம் போட்டுத்தான் நடக்கிறது.

தீர்மானம் போடுவது மெய்மை அவை. எழுநூறு வருஷத்துக் கல் வீடுகள் நூற்றுப் பத்தும், கோணிக்கொண்டு நிற்கும் ஒரு கோபுரமும், பன்னிரண்டு கடைகளும் இருக்கிற மலையூருக்கு எதற்கு ஒரு அவை என்று நானும் கேட்டுப் பார்த்தேன். தலைநகரத்தில் ஒரு சங்கம் இருக்கிறதாம், பழைய காலத்தை மாறாமல் வைத்திருக்கிற ஊர்களுக்கு மூன்று கோபுரச் சான்று கொடுக்கிறதாம், அது இருந்தால்தான் பேருந்துகள் மேலே ஏறுமாம். சான்றைக் காப்பாற்ற ஓர் அவை வேண்டும், அவைக்கு ஒரு தலைவர் வேண்டும். டாக்டர் ரனியேரி வந்து உட்கார்ந்தார். அவர் வைத்தியர் இல்லை, பட்டம் வாங்கியவர், அவ்வளவுதான். முப்பது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து, யாருக்கும் இழப்பீடு போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டு, மரியாதையாக ஓய்வு பெற்றவர்.

அவர் முதலில் வந்தது என் கடைக்குத்தான். என் பெயர் செலிந்தா, சதுக்கத்தில் காபிக் கடை வைத்திருக்கிறேன். மத்தியகாலத்தில் காபி இல்லை என்று மெஷினைச் சாக்குப் போட்டு மூடி முத்திரை வைத்தார்கள். பதினைந்து நாளில் தக்காளி போனது. பிறகு உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் போயிற்று. அதெல்லாம் கடல் கடந்து பின்னால் வந்ததாம். மூக்குக்கண்ணாடி மட்டும் மூன்று கூட்டம் நடந்து தப்பித்தது, ஏனென்றால் அது இல்லாமல் ரனியேரிக்குத் தீர்மானத்தைப் படிக்க வராது. கடைசியில் கிலோவும் போனது. தராசுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, எதையும் முழம் போட்டு விற்கச் சொன்னார்கள். பாலாடைக்கட்டியை எப்படி முழம் போடுவது என்று கேட்ட ஆட்டுக்காரரை, அவையை இழிவுபடுத்தியதற்காகச் சதுக்கத்தில் ஒரு நாள் முழுக்கக் கழுத்துக்கட்டையில் பூட்டி வைத்தார்கள். அவர் முகத்தில் அழுகிய முள்ளங்கி எறிவதற்குச் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசைதான் எங்களைக் கெடுத்தது. சென்ற வருஷம் சங்கத்திலிருந்து ஒரு பார்வையாளர் அம்மா வந்து போய் அறிக்கை அனுப்பினார். கட்டடங்கள் நன்று, ஆட்டுக்காரர் மிக நன்று, மற்ற மக்கள் அளவுக்கு மீறி மரியாதையாக இருக்கிறார்கள், பதினான்காம் நூற்றாண்டில் அப்படி இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார். ரனியேரி அன்றைக்கே ஊர்ச் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். எங்கள் முன்னோர் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்றில் எழுதியது. முன்னோர் நல்லவர்களாகவும் இருந்திருக்கலாம். புத்தகத்தில் அதற்கு அடையாளம் இல்லை.

அதற்குப் பிறகு வாங்காமல் பழத்தைத் தொட்டால் மூன்று பிரம்படி. பேரம் பேசிவிட்டுப் போனால் ஐந்து. மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை நடந்த கல்லெறிச் சண்டை ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு என்றானது. எங்கள் பாதிரியாருக்கு முன்பல் இரண்டு போய், பூசை வைக்கும்போது சீட்டியடிக்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கோட்டைச் சுவரிலிருந்து கொதிக்கிற எண்ணெய் ஊற்றினார்கள். வந்தவர்கள் ஒருவரும் புகார் செய்யவில்லை. முதுகில் தடித்த தழும்பைப் படமெடுத்து அனுப்பிய ஒருவரின் மைத்துனர், அடுத்த வாரம் குடும்பத்தோடு அடி வாங்க வந்தார். இரண்டு பேருந்து நான்காயிற்று. வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சமவெளியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்களை அனுப்பிவைத்தார்கள்.

அந்த ஞாயிறு முதல் பேருந்தில் நெல்லோ வந்தார். அறுபத்தெட்டு வயது, வீடுகளுக்குத் தரை ஓடு பதித்து ஓய்வு பெற்றவர். கூட மனைவி இயோலே. ஓய்வூதியர் சங்கத்துப் பயணத்தில் இரண்டு இருக்கை மீந்து போனதால் ஏறியிருக்கிறார்கள். மறுநாள் மகன் சாப்பிட வருகிறான், அவனுக்குப் பெருஞ்சீரகம் போட்டு, குடலில் இறைச்சி அடைத்த எங்கள் ஊர் சாசேஜ் வேண்டும், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் அந்த அம்மாவின் திட்டம். வேறு எந்தப் பேராசையும் அவர்களுக்கு இல்லை.

கோட்டை வாசலில் நெல்லோவின் தோளில் ஈட்டிக் கம்பால் ஒன்று விழுந்தது. மற்றவர்கள் நன்றி சொன்னதால் அவரும் நன்றி சொல்லியிருக்கிறார். கல்லெறியில் காது கிழிந்தது. கைக்குட்டையால் காதைப் பொத்திக்கொண்டு என் கடைக்கு வந்து காபி கேட்டார். வறுத்த பார்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ஏம்மா அடிக்கிறாங்க? நாங்க என்ன பண்ணோம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. நீங்க சுற்றிப் பாக்க வந்திருக்கீங்க, அவங்க காட்டுறாங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். விளங்காததற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய மனுஷர் என்று தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

என் கடைக்கு அடுத்தது உபால்தோவின் இறைச்சிக் கடை. இயோலே மூன்று முழம் சாசேஜ் கேட்டார். உபால்தோ அப்பாவின் முழக்கோலை எடுத்து, நீட்டி, மூன்று முறை வைத்து, மேலே ஒரு விரல் கூடவே விட்டு அறுத்துக் கொடுத்தான். அந்தக் கோல் சதுக்கத்துச் சுவரில் பதித்திருந்த ஊர் முழக்கோலுக்கு ஒத்துப் பார்த்து வெட்டியது. எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் அப்படித்தான். மன்றத்துக் கட்டடத்தின் சுவரில் ஓர் இரும்புக்கோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் யாரும் வாங்கியதைக் கொண்டுபோய் அதில் வைத்துப் பார்க்கலாம்.

நெல்லோவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நாற்பது வருஷம் அளந்தே பிழைத்த கை சும்மா இருக்கவில்லை. சாசேஜைக் கொண்டுபோய் இரும்புக்கோலில் வைத்துப் பார்த்தார். மூன்று முழத்துக்கு மொத்தம் ஐந்து விரல் குறைந்தது. "அட, குறையுதே," என்று தன் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் அவை ஊழியர் நின்றிருந்தார். கையிலிருந்த மணியை அடித்துவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அந்த மனுஷர் செய்தது அதுதான். பத்து நிமிஷத்தில் என் தம்பியைச் சங்கிலி போட்டுச் சதுக்கத்துக்கு இழுத்து வந்தார்கள். வரும் வழியில் நாலைந்து பேர் அவனை உதைத்தார்கள், அதில் இருவர் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ரனியேரி சிவப்பு அங்கியில் வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். பொய் முழம் போட்டவனுக்கு, போட்ட கை போகும் என்று எழுதியிருந்தது. முன்வரிசையில் பார்வையாளர் அம்மா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷ மதிப்பெண்ணுக்கு வந்திருக்கிறார்.

நெல்லோ ஓடி வந்தார். நான் குற்றம் சாட்டவில்லை, சும்மாதான் அளந்து பார்த்தேன், சாசேஜ் நன்றாக இருக்கிறது, குறைந்த ஐந்து விரல் எனக்கு வேண்டாம் என்று கெஞ்சினார். ரனியேரி பொறுமையாகக் கேட்டார். பக்கத்தைப் புரட்டினார். குற்றம் சாட்டிவிட்டுப் பின்வாங்குகிறவன் பொய்ச்சாட்டுக்காரன், குற்றவாளிக்கு உண்டான தண்டனை அவனுக்கு என்று படித்தார். ஆக ஒரு கை கண்டிப்பாக விழவேண்டும், யாருடையது என்பதை நாலரைக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள் என்று இருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"சில பேர் கேக்குறாங்க, இது கொடுமை இல்லையான்னு. கொடுமைதான். நம்ம கொடுமை. வெளியூர்லேர்ந்து வாங்கிட்டு வந்தது இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல பிளாஸ்டிக் கோடாலி வெச்சிருக்காங்க, தக்காளி ரசத்தை ரத்தம்னு ஊத்துறாங்க. தக்காளி. அந்தக் காலத்துல தக்காளி ஏது? இப்படியெல்லாம் ஜனங்கள ஏமாத்த எனக்கு மனசு வராது. நான் ஒரு சட்டத்த மதிக்கிற ஆளு. கை விழறதப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்லேன்னு நினைக்காதீங்க. வருத்தத்துக்கு நிகழ்ச்சி நிரல்ல நேரம் ஒதுக்கியிருக்கோம், நாலே முக்காலுக்கு."

நாலு பேருந்து ஜனமும் கைதட்டியது. பார்வையாளர் அம்மா எழுதிக்கொண்டார்.

கோடாலிக்கு முறை வைத்திருக்கிறோம். அந்த வாரம் தபால்காரர் ப்ரிமோவின் முறை. அவர் கருப்பு முகமூடி போட்டுக்கொண்டு, விறகு மட்டும்தான் வெட்டிப் பழக்கம் என்று என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். துணிக்கடை எவாரிஸ்தோ என் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை போட்டார். உனக்கு இன்னொரு கை இருக்கிறது, ஊருக்கு இன்னொரு சான்று இல்லை, யோசித்துப் பார் என்றார். அவர் போனபின் ரொட்டிக்காரர் வந்து அதையே சொன்னார். பாதிரியாரும் சீட்டியடித்தபடி அதையே சொன்னார்.

நான் போனபோது உபால்தோ வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடக்கையாலயும் கத்தி பிடிப்பேன்க்கா. கொஞ்ச நாள் ஆகும். பழகிடும்," என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். உதடு கிழிந்துவிட்டது. அன்றைக்குத் தீர்மானம் இல்லாமல் விழுந்த ஒரே அடி அதுதான். அடித்துவிட்டு அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என் மடியில் வளர்ந்தவன்.

நெல்லோ இதற்குள் இரும்புக்கோலின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். தன் கையைக் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் கையைத் தன் பாவாடை மடிப்பில் சுற்றி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அப்போது நெல்லோவின் கண் சுவரில் நின்றது. ஓடு பதிக்கிறவருக்குப் பழைய பூச்சையும் புதுப் பூச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா? கோலின் இரண்டு முனைக்கும் உள்ளே தள்ளி, கல்லில் இரண்டு பழைய ஆணித் துளைகள் இருந்தன. புதுச் சாந்து வைத்து மூடியிருந்தார்கள். எழுந்து நகத்தால் சுரண்டினார். சாந்து உதிர்ந்தது.

உபால்தோவின் கோலைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். துளைக்குத் துளை வைத்தார். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இது பழைய கோல் இல்லம்மா. யாரோ நீளமா ஒண்ணு செஞ்சு மாட்டியிருக்காங்க," என்றார்.

யாரோ என்ன யாரோ. எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. போன குளிர்காலத்தில் கோல் துருப்பிடித்துவிட்டது, சான்றுக்கு ஆகாது என்று ரனியேரி அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டார். புதிதாகச் செய்யக் கொல்லர் அளவு கேட்டபோது, என் கடைச் சுவரில் ஒட்டியிருந்த சுற்றுலாச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அதில் முழக்கோலை உண்மை அளவில் அச்சடித்திருப்பதாகக் கீழே எழுதியிருந்தது. தாளில் இடம் மீந்ததால் அச்சகத்தார் படத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்து முழத்தை ஓர் அச்சகத்துப் பையன் நீட்டிவிட்டான், அதற்கு என் தம்பியின் கை போகிறது.

நாலே கால் ஆகியிருந்தது. நாங்கள் மூவரும் போய்ச் சொன்னோம். ரனியேரி துளைகளைப் பார்க்க வரவில்லை. கோலுக்குச் சான்று இருக்கிறது, துளைகளுக்குச் சான்று இல்லை என்றார். நெல்லோ குற்றம் சாட்டியவர், அவர் சாட்சி சொல்ல முடியாது என்றார். இயோலே நான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தார். ரனியேரி சிரித்தார்.

"அம்மா, இந்தப் புத்தகத்துல பொம்பளைங்க சாட்சி அரைச் சாட்சி. நான் எழுதல, நம்ம முன்னோர் எழுதினது. அரைச் சாட்சிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப நானும் சொல்றேன். அரையும் அரையும் ஒண்ணு. எழுதிக்கோங்க டாக்டரே," என்றேன்.

பார்வையாளர் அம்மா முதல்முறையாக நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, இது நல்ல நுணுக்கம் என்றார். அவர் நல்லது என்று சொல்லிவிட்டால் ரனியேரி மறுக்க முடியாது. இயோலே துளைகளைப் பற்றிச் சொன்னார். நானும் துளைகளைச் சொன்னேன், சுவரொட்டியையும் சொன்னேன். கொல்லர் கூட்டத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு நான் ரனியேரியிடம் அதே அத்தியாயத்தை விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஊர் முழக்கோலையே பொய்யாக்கி நிறுத்தியவனுக்கு, நிறுத்திய கை போகும் என்று படித்தார்.

படித்து முடித்து எழுந்து நின்றார். அங்கியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"சரி, போதும். நாம எந்தக் காலத்துல இருக்கோம்? இதெல்லாம் ஒரு காட்சிதானே. ஜனங்க நாலு சாமான் வாங்கணும்னு நாம பண்றதுதானே. அறிவுள்ளவங்க யாராவது நெஜமா ஒருத்தர் கையை வெட்டுவாங்களா?"

அத்தனை நேரமாகக் கோடாலிக்குக் காத்திருந்த என் தம்பியின் கை அவருக்குக் காட்சியாக இருந்திருக்கிறது என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அல்லது அவன் கை என்றால் நிஜமாகவும் தன் கை என்றால் காட்சியாகவும் இருந்திருக்கிறது.

பார்வையாளர் அம்மா பேனாவை மூடினார்.

"அப்ப இதுவரைக்கும் நடந்ததெல்லாம் நடிப்பு. அப்படித்தானே? நான் அப்படியே எழுதிடறேன். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றார்.

எவாரிஸ்தோ எழுந்தார். மேடைக்குப் போய் ரனியேரி பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். உங்களுக்கு இன்னொரு கை இருக்கிறது, ஊருக்கு இன்னொரு சான்று இல்லை, யோசித்துப் பாருங்கள் டாக்டரே என்றார். அடுத்து ரொட்டிக்காரர் போனார். பாதிரியார் போனார். ஓடப் பார்த்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள், யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியது காப்பீட்டைப் பற்றி. அவைப் பணியில் இருப்பவருக்கு அவைப் பணியால் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று அவரே ஒரு விதி எழுதிவைத்திருந்தார், அதை எவாரிஸ்தோ மெதுவாக நினைவுபடுத்தினார்.

உபால்தோவின் சங்கிலியை அவிழ்த்து அவருக்குப் போட்டார்கள். முரசு அடித்தது. ப்ரிமோவின் முதல் வெட்டு எலும்பில் நின்றுவிட்டது. காலை வைத்து மிதித்துக் கோடாலியைப் பிடுங்கி இரண்டாவது வெட்டு வெட்டினார். கை கட்டையிலிருந்து விழுந்து படியில் உருண்டு, முன்வரிசையில் ஒரு அம்மாவின் கடைப்பை பக்கத்தில் கிடந்தது. விரல் இரண்டு இன்னும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அந்த அம்மா பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். ரனியேரி போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின. நான் கண்ணை மூடவில்லை. பார்த்தேன், முழுக்கப் பார்த்தேன், மனசு குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை. கைதட்டல் அடங்க ஆறு நிமிஷம் ஆனதால் பேருந்துகள் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியவில்லை.

நெல்லோ சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரையும் சிலர் படம் எடுத்தார்கள். இயோலே அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஏறப் போகும்போது நெல்லோ என்னிடம் வந்தார்.

"நான் சும்மாதான்மா அளந்து பாத்தேன்," என்றார். அதை மூன்று தடவை சொன்னார். சாசேஜை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ரனியேரி இப்போது சமவெளியில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்களுக்கு நாலு கோபுரச் சான்று வந்தது, அப்படி ஒன்றை இதற்கு முன் யாருக்கும் கொடுத்ததில்லையாம். புத்தகத்தைத் தெரிந்தவள் நான்தான் என்று சொல்லி அவைத் தலைமையை என் தலையில் கட்டினார்கள். முதல் நாளே அந்தப் புத்தகத்தை அடுப்பில் வைப்பது என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் திங்கட்கிழமை காலை பதினொரு பேருந்துக்குப் பதிவு வந்துவிட்டது. பதினொன்றும் ஒரே கேள்வியைக் கேட்டன, கை எத்தனை மணிக்கு என்று. இரண்டு வருஷமாகச் சாத்திக் கிடந்த கீழ்த்தெருக் கடைகளைக் கழுவித் திறக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த ஒரு வாரம் போகட்டும் என்று புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

சுவரில் இருந்த நீளக் கோலை எடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். சான்று வாங்கிய கோல் என்று யாரும் சம்மதிக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தால் இந்த ஊரில் யார் போட்ட முழமும் குறையும்.

புதன்கிழமை உபால்தோ கடைக்கு வந்தான். உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரும் இல்லையா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா, நேத்து எவாரிஸ்தோ கடையில ஒரு முழம் துணி வாங்கினேன். கொண்டுபோய்ச் சுவத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டு விரல் குறையுது."

அவனைத் திட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு அறைந்ததுபோல இன்னொன்று விட்டிருக்க வேண்டும்.

எந்தக் கையால் முழம் போட்டார் என்று கேட்டேன்.